கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்

1983 நவம்பர் 14, திங்கட்கிழமை. காலையில் வழக்கம்போல் முதலில் சவரம், பிறகு குளியல், பிறகு நாட்குறிப்பில் தேதியும் வானிலையும். 'மேகமூட்டம், வாடைக்காற்று, மழை இல்லை' என்று அன்றைய பக்கத்தின் தலையில் எழுதியிருக்கிறேன். பழவேற்காடு அஞ்சலகத்தின் பின்பக்கத்து இரண்டு அறைகளில்தான் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். நடுக்கதவைத் திறந்தால் அலுவலகம். தேதி முத்திரையில் எண்ணை மாற்றி, பழைய தாளில் ஒருமுறை குத்திப் பார்த்தேன். மசி தெளிவாக விழுந்தது. பொன்னேரியிலிருந்து முதல் பஸ்ஸில் தபால் பை வந்தது. அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையைத் திறந்தேன். அதன்பிறகு தொலைபேசியை எடுத்துப் பொன்னேரி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன்.

"பழவேற்காடு. லைன் இருக்கா?"

"இருக்கு சார். நீங்க தினம் கேக்கறீங்களே, அந்த பயத்துலதான் இருக்கு" என்றது பொன்னேரிக் குரல்.

அந்தக் குரலுக்குரிய பெண்மணியை நான் பார்த்ததே இல்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து தினமும் காலையில் இதே கேள்வி, இதைப் போல் ஏதோ ஒரு பதில்.

இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. வரிசை மாறினால் எதையாவது மறந்துவிடுவேன் என்ற பயம் சிறுவயதிலிருந்தே உண்டு. நாற்பத்தைந்து வயதில் அது என் குணமாகவே ஆகிவிட்டிருந்தது.

வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு ஊர்வலம் போனார்கள். குழந்தைகள் தினம். அந்த நாள் எனக்கு நினைவில் நிற்பது வேறு காரணத்தால். மறுநாள் காலை, ஏரிக்கு அப்புறம் கடலோரமாக இருந்த ஒரு குப்பத்தில் பாட்டுச் சீட்டு எடுக்கவிருந்தார்கள். அதற்குள் அந்தக் குப்பத்துப் பெண் ஒருத்திக்கு அவள் கணவனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தாக வேண்டும். அது வருவதற்கு என் மேசைமேல் இருந்த கறுப்புத் தொலைபேசியைத் தவிர வேறு வழி இல்லை.

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடம். நல்ல பாடுகள் கொஞ்சம்தான். வலை வைத்திருப்பவர்கள் நிறைய. அதனால் குப்பங்களுக்குள் நாள் மாறி மாறி வரும். ஒரு குப்பத்தின் நாளில் இன்னொரு குப்பத்தார் அங்கே வலை இறக்க மாட்டார்கள். குப்பத்துக்குள் யாருக்கு எந்த முறை என்பதை ஆண்டுக்கு ஒருதரம் ஊர் கூடிச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவன் பெயருக்கும் ஒரு சீட்டு. வெளியூர் போயிருப்பவன், பருவத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லியனுப்பினால் அவன் சீட்டும் குடத்தில் விழும். சொல்லியனுப்பாவிட்டால் அந்த ஆண்டு அவன் வீட்டுக்குப் பாடு கிடையாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது அதைவிடப் பெரிய குற்றம். அவன் முறையில் பாடு வெறுமனே கிடக்கும், ஊரே ஏசும்.

அந்தப் பெண்ணின் கணவன் விசாகப்பட்டினத்தில் மீன்பிடி லாஞ்சு ஒன்றில் வேலைக்குப் போயிருந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன். லாஞ்சு கரைக்கு வரும்போது தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் மனைவிக்கு பி.பி. கால் போடுவான். பி.பி. கால் எண்ணுக்குப் போடுவதல்ல, ஆளுக்குப் போடுவது. ஊரையும் ஆள் பெயரையும் சொல்லிவிட்டு அவன் அங்கேயே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அந்தப் பெயர் விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வரும், சென்னையிலிருந்து பொன்னேரிக்கு, பொன்னேரியிலிருந்து எனக்கு. நான் ஆள் அனுப்பி அந்தப் பெயருக்குரியவரை அழைத்துவரச் செய்ய வேண்டும். வந்துவிட்டால் அதே வழியாகச் செய்தி திரும்பிப் போய் இணைப்புக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 'அப்படி ஒருவர் இல்லை' என்பதும் அதே வழியாகத் திரும்பிப் போகும்.

ஆளை அழைத்துவருவது எங்கள் தபால்காரர். பழவேற்காட்டு முஸ்லிம், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அவரை பாய் என்பேன். ஊருக்குள் என்றால் சைக்கிளில் போவார், அக்கரை என்றால் படகில்.

ஊருக்குள் வரும் அழைப்புகளில் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அக்கரைக் குப்பங்களுக்கு வருபவற்றில்தான் கோளாறு. ஒரு தடவை ஆள் உடனே கிடைப்பார். அடுத்த தடவை அதே பெயருக்கு, அதே குப்பத்தில், அப்படி யாருமே இல்லை என்று பதில் வரும். அதற்கடுத்த தடவை மறுபடி கிடைப்பார். கம்பி அறுந்தால் தெரியும். அறுந்த இடத்தைத் தேடிப் போய் முடிச்சுப் போடலாம். வந்து வந்து போகிற கோளாறை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்தப் பெண்ணுக்கும் ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. முதல் தடவை மூச்சு வாங்க ஓடி வந்தாள். விசாகப்பட்டினம் வரை தானே கேட்கும் என்பதுபோல் கத்திப் பேசிவிட்டு, சிரித்தபடி போனாள். அடுத்த தடவை பாய் தனியாகத் திரும்பி வந்தார்.

"இன்னா பேஜாரு சார் இது. கரையில ஆறேழு பேரு குந்திகினு இருந்தாங்க. கேட்டேன். அப்டி யாரும் இந்த ஊர்ல இல்லைன்ட்டாங்க."

சில நாள் கழித்து அவள் மீன்கூடையோடு சந்தைக்கு வந்தவள், அஞ்சலக வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"போன் எதுனா வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா. ஆள் இல்லைன்னு போயிடுச்சு."

"யாரு இல்ல?"

"நீதாம்மா."

அவள் கூடையைக் கீழே இறக்கினாள். "நான் எங்க சார் பூடுவேன்? இன்னா, கப்பல் ஏறிட்டேனா? அங்கதான் கருவாடு காய வச்சிகினு கீறேன். என் புருசன் இன்னா நெனச்சிப்பாரு? பொண்டாட்டி ஊட்ட உட்டுப் போய்ட்டான்னு நெனச்சிக்க மாட்டாரு?"

"சரிம்மா, இனிமே வந்தா எங்கே தேடணும்? அடையாளம் சொல்லு."

"அடையாளம் இன்னாத்துக்கு? கரையில யாரக் கேட்டாலும் சொல்வாங்க."

அதை நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. சின்னக் குப்பம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

ஆகவே வேறு இடத்தில் தேடினேன். முதலில் பெயர் வழியில் சிதைந்து வருகிறதோ என்று நினைத்தேன். விசாகப்பட்டினத்தில் தெலுங்கில் கேட்டு, சென்னையில் ஆங்கிலத்தில் எழுதி, பொன்னேரியில் தமிழில் சொல்லும் பெயர். பொன்னேரிக் குரலிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பார்த்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது.

"கூப்பிடறவர் பேர் என்னன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றேன்.

"அதெல்லாம் இவ்ளோ தூரம் வராது சார். ஊர், ஆளு, அவ்ளோதான். ஜாதகம் வேணும்னா தனியா புக் பண்ணச் சொல்லுங்க."

அடுத்து பாய் மேல் சந்தேகம் வந்தது. வெயிலில் அக்கரை வரை போவது சிரமம். படகுத்துறையிலேயே உட்கார்ந்து ஒரு பீடி பிடித்துவிட்டுத் திரும்பி வந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லாமல் நானே படகேறினேன். குப்பத்துக் கரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி எழுந்து உள்ளே ஓடி, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான்தான் சொன்னேனே சார், யாரக் கேட்டாலும் சொல்வாங்கன்னு" என்றாள் அவள்.

மறுநாள் பாயிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன்: "பாய், நேத்து நான் போனேன். கேட்ட உடனே கிடைச்சாங்க."

அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதன்பின் சில வாரங்கள் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேச்சில்லை. அடுத்த அழைப்புக்கு அவளை அழைத்தும் வந்தார். சொன்னது உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த அழைப்புக்கு மறுபடி தனியாக வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்து உப்புப் பூத்திருந்தது. அதை அவர் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.

இதற்கிடையில் அவள் என்னைக் கொண்டே கணவனுக்கு ஒரு கடிதம் எழுத வைத்தாள். பாட்டுச் சீட்டு எடுக்கும் நாள், வருவதானால் உடனே சொல்ல வேண்டும் என்பது, எல்லாம் எழுதினேன். ரேஷன் கார்டில் இருந்த அவன் பெயரைப் போட்டு, விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம் என்று முகவரி எழுதினேன். 'முகவரிதாரர் தெரியவில்லை' என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. அவளிடம் அதைக் கொடுத்தபோது, ஏதோ அவனையே கடலிலிருந்து எடுத்து வந்து கொடுத்ததுபோல் இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

இனி நவம்பர் 14க்குத் திரும்புகிறேன். மதிய இடைவேளைக்குக் கவுன்ட்டரை மூடும் நேரத்தில் மணி அடித்தது.

"பழவேற்காடு, உங்க ஆளுக்கு பி.பி. கால். அதே பேரு, அதே குப்பம்" என்றது பொன்னேரிக் குரல்.

பாய் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் நின்றார். அன்றுதான் நெடுநாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"நீங்களும் வாங்க சார். இன்னிக்கி நீங்களே கேளுங்க. நான் வாயே தொறக்கல."

இடைவேளை என் சொந்த நேரம்தான். பொன்னேரியிடம் அழைப்பைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்படி கேட்டேன். "முடிஞ்ச வரைக்கும் புடிக்கறேன் சார். மெட்ராஸ்காரங்க கையில இருக்கு" என்றார். அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அக்கரையில் இறங்கியபோது கரையில் ஒரு பெண்கூட இல்லை. கீற்றுக் கொட்டகையின் நிழலில் ஆண்கள் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று பாடு வேறொரு குப்பத்தின் முறை. ஆகவே ஆண்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். நான் அஞ்சலக அதிகாரி என்று தெரிந்து, ஒருவன் எழுந்து கவிழ்த்த கூடையைத் துடைத்து உட்காரச் சொன்னான். நான் உட்காராமல் பெயரைச் சொன்னேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்டி யாரும் நம்ம ஊர்ல இல்லியே சார்" என்றான் கூடை கொடுத்தவன்.

"பேரப் பாத்தா சினிமாக்காரியாட்டம் கீது" என்றான் இன்னொருவன். "நம்ம ஊர்ல அந்த மாரி பேரு வச்சா கடலம்மாவே சிரிப்பா." எல்லாரும் சிரித்தார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். "இந்தக் குப்பம்தான். நானே பார்த்திருக்கேன்."

"வேற குப்பமா இருக்கும் சார். இங்க எங்களுக்குத் தெரியாத பொம்பளை யாரு? வடக்கால போய்க் கேட்டுப் பாருங்க."

பொய் சொல்லும் முகங்கள் அல்ல. உதவ வேண்டும் என்றுதான் எல்லாருமே நினைத்தார்கள். பாய் என் பக்கத்தில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னபடி வாயே திறக்கவில்லை. கணவனின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே ஒருவன் பெஞ்சில் காத்திருக்கிறான். இங்கே அவள் கூப்பிடு தூரத்தில் எங்கேயோ இருக்கிறாள். நடுவில் இந்த நல்ல மனிதர்கள்.

"கொஞ்சம் உயரமா இருப்பாங்க. மாநிறம். கையில பச்சை குத்தி..." என்று அவளை வருணிக்க ஆரம்பித்தேன். பாய் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். கொட்டகையில் சிரிப்பு நின்றிருந்தது. ஊசிகளும் நின்றிருந்தன.

"வாணாம் சார்" என்றார் பாய் தாழ்ந்த குரலில். "ஊட்டுப் பொம்பளைங்கள அப்டி சொல்லக் கூடாது. அதனாலதான் நான் பேரோட நிறுத்திக்கறது. ஆம்பளைங்க குந்திகினு இருக்கும்போது அவங்களத் தாண்டி உள்ள பூந்து கேக்கவும் முடியாது."

அப்போது தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு கிழவி அந்தப் பக்கமாக வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். பாய் பெயரைச் சொன்னார்.

"அது நம்ம தோணிரேவுக்காரிடா!" என்றாள் அவள், கூடை கொடுத்தவனைப் பார்த்து. "உங்க அண்ணி!"

அவன் கையில் இருந்த ஊசி விழுந்தது. "அண்ணியா? அண்ணிக்கு அதா பேரு?"

பல வருடங்களாக அவள் கையால் சாப்பிடுகிற கொழுந்தன். அவனுக்கு அவள் அண்ணி. மற்ற ஆண்களுக்கு அவள் தோணிரேவுக்காரி. தோணிரேவு என்ற ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்று ஒன்று உண்டென்பது அங்கே எந்த ஆணும் நினைத்துப் பார்க்காத விஷயம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்மா?" என்று கிழவியைக் கேட்டேன்.

"நர்சம்மா வந்தா வரிசையில நிக்க வச்சி பேரு பேரா கூப்புடுவாங்க இல்ல? ஊசி போட, மாத்திரை குடுக்க. அங்க கேட்டதுதான். ஆம்பளைங்க எங்க அங்க வரானுங்க?"

அவ்வளவுதான் கோளாறு. அரசாங்க இடத்தில் அரசாங்கப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று கணவன் அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறான். அது பெண்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். குப்பத்துக்குப் பாடு இருக்கும் நாளில் ஆண்கள் தண்ணீரில் இருப்பார்கள், கரையில் பெண்கள், கேட்டால் உடனே ஆள் கிடைக்கும். பாடு இல்லாத நாளில் கரையில் ஆண்கள். கேட்டால் அப்படி யாருமே இல்லை. நான் போன ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பாட்டு நாள். பாய் போன நாட்கள் கலந்து அமைந்தவை. கம்பியில் குறை இல்லை, பாயிடம் குறை இல்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் படகை நேராக்கப் போய்விட்டிருந்தார்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் நேரே கொழுந்தன் முன்னால் போய் நின்றாள்.

"நான் ஆக்கிப் போட்டத காலைல தின்ன வாயிதான அது? அந்த வாயாலயே நான் ஊர்ல இல்லைன்னு சொன்னியா?"

"தெர்ல அண்ணி. சத்தியமா தெர்ல."

"இந்த வாட்டி மட்டுமா, எல்லா வாட்டியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எங்களோடு அவனும் படகில் ஏறினான்.

நீர் முகத்துவாரத்துப் பக்கம் இழுக்கத் தொடங்கியிருந்தது. ஏரியின் நடுவில் படகு சேற்றில் தட்டி நின்றது. பாயும் கொழுந்தனும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். அவள் கண்ணை எடுக்காமல் இக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "வரேன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும் சார்" என்றாள். "வரலைன்னு சொன்னாக்கூட போதும். ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் எதுனா ஒண்ணு சொல்லணும் இல்ல?"

அலுவலகத்தைத் திறந்து தொலைபேசியை எடுத்தேன்.

"கேன்சல் சார்" என்றது பொன்னேரிக் குரல். வழக்கமான கேலி அதில் இல்லை. "இப்பதான். நான் எவ்வளவோ புடிச்சு வச்சேன். மெட்ராஸ்ல எடுத்துட்டாங்க."

"அவர்கிட்ட என்ன சொல்லியிருப்பாங்க?"

"எப்பவும் சொல்றதுதான். ஆள் இல்லைன்னு."

நான் சொல்வதற்கு முன்பே அவள் என் முகத்திலிருந்து தெரிந்துகொண்டாள். "யாரு சார் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். யார் சொன்னது? சென்னையில் தலையில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனையோ பெயர்களை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கும் யாரோ ஒருவர். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

அவனைத் திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். பொன்னேரிப் பெண்மணி சென்னையைக் கேட்டார். சென்னை விசாகப்பட்டினத்தைக் கேட்டது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: அது பொதுத் தொலைபேசி, கால் போட்டவர் எழுந்து போய்விட்டார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, தொலைபேசி நேரம் முடியும்வரை அந்தக் கறுப்புக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் எழுந்தாள். ஒரு இறால் வியாபாரியின் அழைப்பு, ஒரு சாவுச் செய்தி, பிறகு ஒன்றுமில்லை.

மாலையில் படகுத்துறைக்குப் போனோம். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் கடைசிப் படகுக்காக அந்தக் குப்பத்து ஊர்ப்பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். கொழுந்தன் என்னைத் தனியே அழைத்தான்.

"சார், நீங்க ஆபீசரு. அண்ணன் வரேன்னு போன்ல சொல்லிச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்."

"அவர் சொல்லலையேப்பா" என்றேன்.

அவள் அதைக் கேட்டுவிட்டாள். "அந்த வேல வாணாம்" என்றாள் கொழுந்தனிடம். "சீட்டு உழுந்து, அப்பால அவர் வரலைன்னா? அவர் முறையில பாடு சும்மா கெடந்தா உங்க நைனா பேரையும் சேத்து இழுப்பாங்க."

நான் பெரியவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெயர் தெரியாமல் போனது, அழைப்பு வந்தது, நாங்கள் சேர்வதற்குள் அறுந்தது. அவர் தலையாட்டிக் கேட்டார். கடைக்காரனிடம் எனக்கு ஒரு சோடா கொடுக்கச் சொன்னார்.

"சார் சொல்றது அத்தினியும் நெசம்" என்றார். "ஆனா போன் வந்தது வேற, வார்த்த வந்தது வேற. போன் வந்துச்சின்னு சீட்டு போட முடியுங்களா? நாளைக்கி இன்னொருத்தன் காக்கா கத்துச்சின்னு வருவான்." பிறகு அவளைப் பார்த்தார். "அடுத்த வருசம் பாக்கலாம் தோணிரேவுக்காரி. எங்க பூடப் போவுது பாடு."

அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

கொழுந்தன் பெரியவரோடு படகேறிப் போனான். அவள் போகவில்லை. அந்தச் சீட்டு எடுப்பதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இக்கரையில் இருந்த தாய்வீட்டுக்கு, தோணிரேவுக்கு நடந்தாள். பாயும் நானும் அலுவலகம் வரை ஒன்றாக வந்தோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"பாய், அந்த ஞாயித்துக்கிழமை..."

"உடுங்க சார்" என்றார். "எங்க தெருவுலயே என் சம்சாரம் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைய நாட்குறிப்பில் கோளாறின் காரணத்தை விளக்கமாக எழுதினேன். நெடுநாள் தேடியது கிடைத்தும், எழுதி முடித்தபோது ஒரு பலனும் தெரியவில்லை. இனி வருகிற அழைப்புகளுக்குப் பெண்களைக் கேட்கலாம். கணவன் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்து வாங்கலாம். ஆனால் வந்துபோன அழைப்புக்கு என்ன செய்வது? அதோடு, 'ஆள் இல்லை' என்று இத்தனை தடவை கேட்டவன் இனி கூப்பிடுவானா?

மறுநாள் காலையில் அலுவலகத்தின் வாசல் கதவைத் திறந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில், முதல் படகில் கொழுந்தன் கொடுத்தனுப்பிய ரேஷன் கார்டு. அந்த நேரத்தில் அக்கரையில் குடத்தை நடுவில் வைத்து ஊர் கூடியிருக்கும். இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தந்தி குடுத்தா போவுமா சார்? நான் ஊர்லதான் கீறேன்னு மட்டும்."

"போகும். பேரு?" என்றேன். அவள் வாயால் சொல்ல மாட்டாள், கார்டை நீட்டினாள். எழுதப் போன கை நின்றது. திரும்பி வந்த கடிதத்தில் இதே பெயர்தான் இருந்தது. அந்தத் துறைமுகத்தில் யாரோ நல்ல மனிதர்கள் நிழலில் உட்கார்ந்து, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று சொல்லியிருப்பார்கள்.

"அங்கே அவரை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவள் யோசித்தாள். "போன்ல ஒருவாட்டி சொன்னாரு. பழவேற்காட்டான்னுதான் கூப்புடுவாங்களாம். சொந்தப் பேரே மறந்து பூடும் போல கீதுன்னு சிரிச்சாரு."

அன்று நான் முத்திரையில் தேதியை மாற்றவில்லை. தபால் பையைத் தொடவில்லை. முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்தேன்.

"பழவேற்காடு. லைன் இருக்கா?"

"இருக்கு சார்."

"ஒரு தந்தி. விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம். ஆள் பேரு, முதல்ல பழவேற்காட்டான். அதுக்கப்புறம் இன்னொரு பேரு சொல்றேன்."

"முதல்ல சொன்னது பேரா சார்?"

"ஆமாம்மா. எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன்.